சரக்குக் கப்பலின் கணக்கும் வன்னிக் கடலின் ஆழமும்

2023 நவம்பரில் செங்கடல் வழியாகச் செல்லும் சரக்குக் கப்பல்கள் மீது தாக்குதல்கள் தொடங்கிய நாளிலிருந்து, கப்பல் கட்டணம் பற்றிய செய்திகள் நமது நாளேடுகளில் அடிக்கடி இடம்பெறுகின்றன. அவற்றோடு சேர்த்து வன்னியில் இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. எங்கோ நடக்கும் தாக்குதலுக்குக் கிளிநொச்சிச் சந்தையில் விலை ஏன் ஏற வேண்டும் என்பது முதலாவது. கிழக்கே முல்லைத்தீவிலும் மேற்கே மன்னாரிலும் கடலை வைத்திருக்கும் வன்னி ஏன் தனக்கு வேண்டிய யூரியாவையும் சீமெந்தையும் கொழும்பிலிருந்து லொறியில் ஏற்றிவர வேண்டும், இங்கேயே ஒரு சரக்குத் துறைமுகம் அமைத்தால் விலை குறையாதா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை காண, ஒரு சரக்குக் கப்பல் ஏன் அந்த அளவில், அந்த வடிவத்தில், அந்த வேகத்தில் ஓடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எவ்வளவு தாங்கும், எவ்வளவு அமிழும்

கப்பல் பற்றிய செய்திகளில் குழப்பம் தருபவை பெரும்பாலும் அளவைச் சொற்களே. நான்கைத் தெளிவுபடுத்திக்கொண்டால் போதும்.

1. சுமைதாங்குதிறன்: சரக்கு, எரிபொருள், நன்னீர், உணவு, பணியாளர் அனைத்தையும் சேர்த்து ஒரு கப்பல் பாதுகாப்பாகத் தாங்கக்கூடிய நிறை. 30,000 தொன் கப்பல் என்று துறைமுகத்தில் சொல்லும்போது பொதுவாக இதையே குறிப்பிடுகிறார்கள். கப்பலின் சொந்த நிறை இதில் அடங்காது.

2. கொள்கலன் அலகு: 20 அடி நீளமுள்ள ஒரு கொள்கலன் ஓர் அலகு, 40 அடிக் கொள்கலன் இரண்டு அலகு. கொள்கலன் கப்பல்களின் அளவை இதைக்கொண்டே சொல்வார்கள்.

3. அமிழ்வாழம்: நீர்மட்டத்திலிருந்து கப்பலின் அடிப்பாகம் வரையுள்ள ஆழம். சுமை கூடக் கூட இதுவும் கூடும்.

4. சுமைக்கோடு: இதற்கு மேல் அமிழக்கூடாது என்று கப்பலின் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் எல்லை. அளவுக்கு மீறி ஏற்றப்பட்ட கப்பல்களில் மாலுமிகள் மடிவதைக் கண்டு பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சோல் நடத்திய போராட்டத்தின் விளைவாக 1876இல் அங்கு சட்டமானது. இன்று உலகம் முழுவதும் நடைமுறையில் உள்ளது.

இவற்றுள் வன்னிக்கு மிக முக்கியமானது அமிழ்வாழம். 180 மீற்றர் நீளமும் 28 மீற்றர் அகலமும் கொண்ட, ஏறத்தாழ 30,000 தொன் தாங்கும் ஒரு கப்பலை எடுத்துக்கொள்வோம். சரக்கு வணிகத்தில் இது சிறிய வகையைச் சேர்ந்தது. முழுச் சுமையோடு இதற்கு ஏறத்தாழ 10 மீற்றர் ஆழம் வேண்டும். ஒரு துறைமுகத்தின் ஆழம் ஒரு மீற்றர் குறைந்தால், கப்பல் ஒரு மீற்றர் மேலெழுந்து மிதக்கும்படி சுமையைக் குறைக்க வேண்டும். அந்த ஒரு மீற்றருக்குரிய சரக்கு ஏறத்தாழ 4,400 தொன். மாலுமிகளின் சம்பளமும் காப்புறுதியும் கப்பலின் வாடகையும் அதே அளவில் இருக்க, சரக்கில் ஏழில் ஒரு பங்கு ஏற்றப்படாமலே போகிறது. துறைமுகங்கள் ஒவ்வொரு அரை மீற்றர் ஆழத்துக்கும் கோடிக்கணக்கில் செலவிடுவதன் காரணம் இதுதான்.

முல்லைத்தீவு மக்களுக்கு இதைச் சொல்லி விளங்கவைக்கத் தேவையில்லை. இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு 14,000 தொன் அரிசியோடு சென்ற ஜோர்தான் நாட்டுக் கப்பலான ஃபரா-3, 2006 டிசம்பரில் இயந்திரம் பழுதாகி முல்லைத்தீவுக் கடலில் ஒதுங்கித் தரைதட்டியது. போர் முடிந்த பின்னரும் சில ஆண்டுகள் அதன் துருப்பிடித்த உடல் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிய நின்றது. அதே கரையில், 2009இல் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு வாடகைக்கு அமர்த்திய கிறீன் ஓஷன் என்ற கப்பல் புதுமாத்தளனுக்கு அப்பால் கடலில் நின்றபோது, காயமடைந்தவர்களை மீன்பிடிப் படகுகளில் ஏற்றித்தான் அதனிடம் கொண்டுசேர்க்க முடிந்தது. அது சரக்குக் கப்பல்களோடு ஒப்பிட மிகச் சிறியது. அதற்கும் அணைய இறங்குதுறையோ போதிய ஆழமோ கரையோரம் இருக்கவில்லை.

பெருத்தால் ஏன் மலிவு

ஒரு கப்பலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினால் உள்ளே கொள்ளும் சரக்கு எட்டு மடங்காகும். ஆனால் நீரோடு உராயும் மேற்பரப்பு நான்கு மடங்காகவே கூடும். மெதுவாக ஓடும் கப்பலுக்கு நீர் தரும் தடையில் பெரும்பகுதி இந்த உராய்வுதான் என்பதால், கப்பல் பெருக்கப் பெருக்க ஒரு தொன் சரக்கை நகர்த்தத் தேவையான எரிபொருள் குறைகிறது. பணியாளர் தொகையும் கப்பலின் அளவோடு சேர்ந்து வளர்வதில்லை. 30,000 தொன் கப்பலுக்கும் 4,00,000 தொன் கப்பலுக்கும் ஏறத்தாழ 20 முதல் 25 பேர் போதும்.

இந்தச் சிக்கனம் எவ்வளவு பெரியது என்பதை ஓர் உத்தேசக் கணக்கால் காட்டலாம். நாம் எடுத்துக்கொண்ட கப்பல் மணிக்கு 13 கடல் மைல் வேகத்தில் நாளொன்றுக்கு 25 தொன் எரிபொருள் எரித்தால், ஒரு கிலோ எரிபொருளில் ஒரு தொன் சரக்கை ஏறத்தாழ 690 கிலோமீற்றர் கொண்டுசெல்கிறது. 15 தொன் ஏற்றிய லொறி ஒரு லீற்றரில் 3 கிலோமீற்றர் ஓடுவதாகக் கொண்டால், ஒரு கிலோ டீசலில் ஒரு தொன்னை ஐம்பது கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டி மட்டுமே கொண்டுசெல்லும். கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு ஏ9 பாதையால் ஏறத்தாழ 330 கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்கு ஒரு தொன் யூரியாவை லொறி கொண்டுவரச் செலவிடும் எரிபொருளால், அதே ஒரு தொன்னைக் கடலில் 4,000 கிலோமீற்றருக்கு மேல் கொண்டுசெல்லலாம். லொறி வெறுமையாகத் திரும்பினால் வேறுபாடு இன்னும் கூடும்.

வன்னிக்குத் துறைமுகம் கேட்பவர்களின் வாதத்துக்கு இந்தக் கணக்கு முழு வலுவையும் தருகிறது. கடல்வழி மலிவுதான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த மலிவு பெரிய கப்பலில், நிறைந்த சுமையில், நீண்ட தூரத்தில் கிடைக்கும் மலிவு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் கணக்கு மாறிவிடும்.

வேகத்துக்குக் கொடுக்கும் விலை

நீரில் ஓடும் கப்பல் தன் அணியத்தில், அதாவது முன்பகுதியில், அலையை எழுப்புகிறது. வேகம் கூடும்போது அந்த அலையின் நீளம் கப்பலின் நீளத்தை நெருங்குகிறது. அதன் பின் கூடுதலாகக் கொடுக்கும் விசையில் பெரும்பகுதி அலையை வளர்ப்பதிலேயே போய்விடுகிறது. இந்த உறவை அளவிட்டுக் காட்டியவர் 19ஆம் நூற்றாண்டில் சிறிய மாதிரிக் கப்பல்களை நீர்த்தொட்டியில் இழுத்துச் சோதித்த ஆங்கிலேயப் பொறியியலாளர் வில்லியம் ஃபுரூட். நடைமுறைக்கு எடுத்துக்கொள்ளும் விதி எளிது: தேவையான இயந்திர வலு வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது; வேகம் இரு மடங்கானால் வலு எட்டு மடங்கு வேண்டும். வேகமாகச் சென்றால் நேரம் குறையும் என்பதால், ஒரு பயணம் முழுவதற்குமான எரிபொருள் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்.

எடுத்துக்காட்டாக, மணிக்கு 24 கடல் மைல் வேகத்தில் நாளொன்றுக்கு 200 தொன் எரிக்கும் ஒரு கொள்கலன் கப்பல் 8,000 கடல் மைல் பயணிக்கிறது எனக் கொள்வோம்.

1. 24 கடல் மைல் வேகத்தில் பயணம் ஏறத்தாழ 14 நாள். எரிபொருள் ஏறத்தாழ 2,780 தொன்.

2. 18 கடல் மைலாகக் குறைத்தால் நாளாந்த எரிபொருள் 84 தொன்னாகக் குறையும். பயணம் பதினெட்டரை நாள். எரிபொருள் ஏறத்தாழ 1,560 தொன்.

3. எரிபொருள் தொன் 600 டொலர் என்றால் மிச்சம் ஏறத்தாழ 7,29,000 டொலர். கூடுதலாகக் கடலில் கழியும் நாலரை நாளுக்கு மேற்பட்ட காலத்துக்குக் கப்பலின் வாடகை, நாளுக்கு 40,000 டொலர் வீதம், ஏறத்தாழ 1,85,000 டொலர். மெதுவாகப் போவதே இலாபம்.

4. ஆனால் கப்பலுக்குத் தட்டுப்பாடு வந்து நாள் வாடகை 1,50,000 டொலராக ஏறினால், அதே தாமதத்தின் விலை ஏறத்தாழ 6,95,000 டொலர். மிச்சம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது; வேகமாகப் போகத் தூண்டுதல் வருகிறது.

ஆகவே ஒரு கப்பலுக்கு நிலையான சிறந்த வேகம் என்று ஒன்று கிடையாது. எரிபொருள் விலையும் கப்பல் வாடகையும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் சரக்குக் குறைந்து கப்பல்கள் மிகுந்தபோது, உலகின் பெரிய கொள்கலன் நிறுவனங்கள் வேகத்தைக் குறைத்தன. பின்னர் கட்டப்பட்ட கப்பல்களின் இயந்திரங்களும் அணிய வடிவங்களும் அந்தக் குறைந்த வேகத்துக்கென்றே வரையப்பட்டன.

செங்கடலில் இருந்து கிளிநொச்சி வரை

கொள்கலன் சேவைகள் பேருந்துச் சேவையைப் போல நேர அட்டவணைப்படி ஓடுகின்றன. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் வாரம் ஒரு கப்பல் வர வேண்டும். ஆசியாவிலிருந்து ஐரோப்பா சென்று திரும்ப 70 நாள் எடுக்குமானால், வாரம் தவறாமல் சேவை நடத்த 10 கப்பல்கள் தேவை. செங்கடலையும் சுயஸ் கால்வாயையும் விட்டு ஆபிரிக்காவின் தெற்கேயுள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் ஒரு வழிக்கு மட்டும் 3,000 கடல் மைலுக்கு மேல் கூடும். போகவும் வரவும் சேர்த்து மூன்று வாரம் கூடியது என்று வைத்தால், அதே சேவைக்கு 13 கப்பல்கள் வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது: சரக்கின் அளவு கூடவில்லை, ஒரு கப்பலும் குறையவில்லை. ஆனாலும் அதே வேலைக்கு மூன்று கப்பல்கள் கூடுதலாகக் கட்டுண்டன. எல்லாச் சேவைகளிலும் இப்படி நடக்கும்போது உலகச் சந்தையில் கப்பல் தட்டுப்பாடு உண்டாகிறது. செங்கடல் பக்கமே போகாத கப்பல்களின் வாடகையும் அதனால் ஏறுகிறது. சீனாவிலிருந்து கொழும்புக்கு வரும் உதிரிப்பாகப் பெட்டிக்கும் கட்டணம் கூடியது இந்த வழியில்தான். கிளிநொச்சியில் நீர்ப்பம்பி வாங்கிய விவசாயி கொடுத்த விலையில் அந்த மூன்று கப்பல்களின் வாடகையில் ஒரு துளி சேர்ந்திருக்கிறது.

ஒரே இயந்திரம், ஒரே விசிறி

பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் ஒரே ஒரு முதன்மை இயந்திரமும் ஒரே ஒரு உந்துவிசிறியும்தான் உண்டு. இயந்திரம் நிமிடத்துக்கு நூறு சுற்றையும் பெரும்பாலும் எட்டாத இரட்டை அடிப்பு டீசல் இயந்திரம். அதன் தண்டு பற்சக்கரங்கள் எதுவுமின்றி நேரே விசிறியோடு இணைகிறது. பெரிய விசிறி மெதுவாகச் சுழன்று மிகுதியான நீரைச் சிறிது வேகத்தில் பின்தள்ளும்போது வீணாகும் ஆற்றல் குறைவு என்பதே இந்த அமைப்பின் அடிப்படை. மிகப் பெரிய கப்பல்களின் விசிறி ஏறத்தாழ 10 மீற்றர் விட்டமுடையது. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ பாதியை இந்த இயந்திரங்கள் பயனுள்ள வேலையாக மாற்றுகின்றன. நிலத்தில் ஓடும் லொறிகளின் இயந்திரங்கள் பொதுவாக அந்த அளவை எட்டுவதில்லை.

இதற்குக் கொடுக்கும் விலை மாற்று ஏற்பாடு இல்லாமை. இயந்திரமோ மின்சாரமோ நின்றால் கப்பல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வசப்பட்டுவிடும். ஃபரா-3 முல்லைத்தீவில் ஒதுங்கியது அப்படித்தான். 2024 மார்ச் 26இல் அமெரிக்காவின் பால்ரிமோர் துறைமுகத்திலிருந்து கொழும்பை நோக்கிப் புறப்பட்ட டாலி என்ற கொள்கலன் கப்பல் மின்சாரத்தை இழந்து பாலமொன்றில் மோதியதில் பாலம் இடிந்து ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இரண்டு இயந்திரம், இரண்டு விசிறி வைத்தால் விபத்துகள் குறையும் என்பது உண்மை. ஆனால் கட்டும் செலவும் எரிபொருளும் பராமரிப்பும் கூடும். அந்தக் கூடுதல் செலவை ஏற்க உலகக் கப்பல் வணிகம் இதுவரை முன்வரவில்லை. குறுகிய நீரிலும் பாலங்களின் அருகிலும் இழுவைப் படகுத் துணையைக் கட்டாயமாக்கினாலே ஆபத்தில் கணிசமான பகுதி குறையும் என்பது எனது கருத்து.

துறைமுகத்தில் கழியும் நேரம்

1956 ஏப்ரலில் மல்கம் மக்லீன் என்ற அமெரிக்க லொறி உரிமையாளர், ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 பெட்டிகளை நியூவாக்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூடை மூடையாகத் தோளில் சுமந்து ஏற்றிய காலத்தில் கப்பல் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைத் துறைமுகத்தில் கட்டுண்டே கழித்தது. கொள்கலன் அந்த நிலையை மாற்றியது. பெரிய கப்பல் கட்டுவது இலாபமானதும் அதன் பிறகுதான். ஏனெனில் கடலில் ஓடும் நாளில் மட்டுமே பெரிய கப்பலின் சிக்கனம் கிடைக்கிறது. துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அதற்குச் சிறிய கப்பலை விடக் கூடுதல் இழப்பு.

இந்த இடத்தில் பருமனே தடையாகவும் மாறுகிறது. 2006இல் வந்த எம்மா மேர்ஸ்க் ஏறத்தாழ 397 மீற்றர் நீளமானது. ஏறத்தாழ 15,500 அலகு ஏற்றியது. இன்றைய மிகப் பெரிய கப்பல்கள் 400 மீற்றர் நீளத்தில் 24,000 அலகு ஏற்றுகின்றன. நீளம் கூடாமல் அகலமும் அடுக்கும் கூடியதால், கப்பலின் ஓரமாக நிறுத்தக்கூடிய பாரந்தூக்கிகளின் எண்ணிக்கை அப்படியே இருக்க, ஒவ்வொன்றும் தூக்க வேண்டிய பெட்டிகள் கூடிவிட்டன. ஒரு பாரந்தூக்கி மணிக்கு 30 பெட்டி தூக்குமானால், ஐந்து பாரந்தூக்கிகள் 6,000 பெட்டிகளைக் கையாள 40 மணித்தியாலம் வேண்டும். இத்தகைய கப்பல்கள் ஆகக் குறைந்த எண்ணிக்கையான துறைமுகங்களில் மட்டுமே நிற்பதற்கும், மீதி ஊர்களுக்குச் சிறிய கிளைக் கப்பல்கள் ஓடுவதற்கும் இதுவே காரணம்.

கொழும்பில் நிற்கும் கப்பல் முல்லைத்தீவுக்கு ஏன் வராது

ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் பெரிய கடல்வழி இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்குச் சற்றுத் தெற்கே செல்கிறது. அந்த வழியிலிருந்து சிறிதே விலகினால் கொழும்பு. அங்கு கையாளப்படும் கொள்கலன்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இலங்கைக்குள் வருவதே இல்லை; ஒரு கப்பலில் இறங்கி இன்னொன்றில் ஏறி வேறு நாட்டுக்குப் போகின்றன. 2018இல் 70 இலட்சம் அலகைத் தாண்டிய கொழும்பின் வளர்ச்சிக்கு அடித்தளம் இந்த இட அமைப்பும், 2013இல் திறக்கப்பட்ட தெற்கு முனையத்தின் 18 மீற்றர் ஆழமும்.

தேவேந்திரமுனையிலிருந்து முல்லைத்தீவுக்கு 200 கடல் மைலுக்கு மேல். வந்து திரும்ப 400 கடல் மைலுக்கு மேல், அதாவது மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் ஏறக்குறைய ஒரு முழு நாள். ஒரு நாள் வாடகையும் 80 தொன்னுக்கு மேற்பட்ட எரிபொருளும் செலவிட்டு ஒரு கப்பல் இங்கு வர வேண்டுமானால், அந்தச் செலவை ஈடுகட்டும் தொகையான சரக்கு ஒரே இடத்தில் காத்திருக்க வேண்டும்.

மன்னார்ப் பக்கம்: சேதுக் கால்வாயின் கணக்கு

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட மணல் திட்டுகளில் சில இடங்களில் ஒரு மீற்றர் ஆழம்தான். பாக்கு நீரிணையின் பெரும்பகுதி 15 மீற்றருக்குக் குறைவு. 1914இல் தொடங்கிய தலைமன்னார்–தனுஷ்கோடிச் சேவையில் ஓடியவை ஆழம் குறைந்த நீருக்கென்றே கட்டப்பட்ட நீராவிக் கப்பல்கள்.

2005இல் இந்தியா தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டம் 300 மீற்றர் அகலமும் 12 மீற்றர் ஆழமும் கொண்ட கால்வாயை ஏறத்தாழ 167 கிலோமீற்றர் நீளத்துக்குத் தோண்ட எண்ணியது. இலங்கையைச் சுற்றாமல் அதிகபட்சம் 424 கடல் மைலும் 30 மணித்தியாலமும் மிச்சமாகும் என்று கூறப்பட்டது. 2007இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் மணல் திட்டுப் பகுதியில் அகழ்வு நின்றது. சமயம், சூழல் சார்ந்த வாதங்கள் பலவும் பேசப்பட்டுவிட்டன. கப்பல் பொறியியல் சொல்வதை மட்டும் இங்கே பார்ப்போம்.

ஆழமற்ற நீரில் ஓடும் கப்பல், அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே நீர் விரைந்து பாய்வதால் அழுத்தம் குறைந்து, மேலும் கீழே இழுபடுகிறது. இந்தத் தாழ்வு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். பருத்த வடிவமுள்ள சரக்குக் கப்பல் ஒன்று மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில், திறந்த ஆழமற்ற நீரில் ஏறத்தாழ 1.15 மீற்றர் தாழும்; ஒடுங்கிய கால்வாயில் அதன் இரு மடங்கு, 2.3 மீற்றர் வரை தாழலாம். 10.5 மீற்றர் அமிழ்வாழமுள்ள கப்பலுக்கு 12 மீற்றர் கால்வாயில் எஞ்சுவது ஒன்றரை மீற்றர் மட்டுமே. அந்த வேகத்தில் போனால் தரைதட்டும். 8 கடல் மைலுக்குக் கீழ் ஊர்ந்தால் கால்வாயைக் கடக்க மட்டும் 11 மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். வழிகாட்டி மாலுமி ஏறி இறங்கும் நேரமும் முறைக்குக் காத்திருக்கும் நேரமும் வேறு.

ஆகவே தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் இந்தியக் கரையோரக் கப்பலுக்கு நல்ல மிச்சம் உண்டு. ஐரோப்பாவிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ சென்னைக்கு வரும் கப்பலுக்கு மிச்சத்தில் ஒரு பகுதியே கிடைக்கும். 50,000 தொன்னைத் தாண்டிய கப்பல் நிறைந்த சுமையோடு அதற்குள் நுழையவே முடியாது. மன்னாருக்கு இதில் நேரடிப் பங்கு எதுவும் இல்லை. கால்வாய் கடல் எல்லைக்கு இந்தியப் பக்கம் அமையும். கடந்து செல்லும் கப்பல் தலைமன்னாரில் நிற்க ஒரு காரணமும் இராது. தோண்டிய சேறு கலங்கும் நீரில் வலை வீச வேண்டியவர்கள் மட்டும் இரு கரையிலும் இருப்பார்கள்.

மணலும் வாடைக்காற்றும்

முல்லைத்தீவின் கரை திறந்த மணற்கரை. வாடைக்காற்றுக் காலத்தில் அலை நேரே கரையில் மோதுகிறது. கரையோரமாக மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அங்கு துறைமுகம் என்றால் நீண்ட அலைதடுப்பு அணைகள் கட்ட வேண்டும். அணை மணலின் நகர்வை மறிக்கும். ஒரு பக்கம் மணல் குவியும், மறுபக்கம் கரை அரிக்கப்படும், துறைமுக வாயில் மணலால் தூரும்.

இதற்குச் சான்று கிழக்கிலேயே இருக்கிறது. டென்மார்க் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயிலை மணல் அடைத்தது. வணிகக் கப்பல் வராதது ஒருபுறம் இருக்க, மீன்பிடிப் படகுகளே வெளியேற முடியாமல் தவித்தன. ஒலுவில், நிந்தவூர் கரைகளில் தென்னந்தோட்டங்களைக் கடல் கொண்டுபோனது. ஆண்டுதோறும் மணல் அள்ளும் செலவு துறைமுகம் கட்டும் செலவைப் போல ஒருமுறை வந்து முடிவதில்லை. சரக்கு வரும் வரைக்கும், வராவிட்டாலும், அது தொடரும்.

எந்தச் சரக்கு?

ஆழத்தைத் தோண்டிப் பெறலாம். சரக்கை அப்படிப் பெற முடியாது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2010இல் திறக்கப்பட்டபோது ஆழமும் இருந்தது, பெரிய கடல்வழியும் கண்ணெதிரே இருந்தது. போதிய சரக்கு வராததால் கடன் சுமையாகி, 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது.

வன்னியின் தேவையை ஒரு கப்பலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 30,000 தொன் யூரியா என்பது 50 கிலோ மூடையில் 6,00,000 மூடை. ஏக்கருக்கு இரண்டு மூடை என்று கொண்டால், 3,00,000 ஏக்கர் வயலுக்கு அது போதும். இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ள வயல் இருபதாயிரம் ஏக்கரைச் சற்றுத் தாண்டும். அதற்கு ஒரு போகத்துக்கு வேண்டியது ஏறத்தாழ 2,000 தொன், அதாவது அந்தச் சிறிய கப்பலின் பதினைந்தில் ஒரு பங்கு. வன்னி முழுவதையும் சேர்த்தாலும் ஆண்டில் ஓரிரு கப்பலுக்கு மேல் பசளை தேவைப்படாது. எஞ்சிய நாள்களில் அந்தத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் தொழிலாளர்களும் காத்திருக்க வேண்டும். திரும்பிப் போகும் கப்பலுக்கு ஏற்றச் சரக்கும் வேண்டும்; வெறுமையாகப் போகும் கப்பல், போகும் வழிக்கான செலவையும் வந்த சரக்கின் மீதே ஏற்றும்.

இந்தப் பகுதியில் கப்பல் கப்பலாக ஏற்றக்கூடிய சரக்கு ஒன்று உண்டு: கனிய மணல். புல்மோட்டையில் இல்மனைற்று அகழ்வு நெடுங்காலமாக நடக்கிறது. மன்னார்த் தீவில் அதே அகழ்வைத் தம் நிலமும் நன்னீரும் கெடும் என்று மக்கள் எதிர்த்து வருகிறார்கள். வன்னியில் ஆழ்கடல் சரக்குத் துறைமுகம் கேட்பவர்கள், அதை இயக்கப்போகும் சரக்கு இதுவாகத்தான் இருக்கும் என்பதை எண்ணிப்பார்த்தே கேட்க வேண்டும்.

செய்யக்கூடியவை

1. கரையோரச் சிறு கப்பல்: 3,000 முதல் 5,000 தொன் வரை தாங்கும் கப்பலுக்கு 5 அல்லது 6 மீற்றர் அமிழ்வாழம் போதும். தமிழகக் கரையிலிருந்து சீமெந்து, கட்டடப் பொருள் கொண்டுவர இந்த அளவே பொருத்தம். இதற்கு வடக்கில் ஏற்கெனவே அலைதடுப்பு அணையுள்ள இடம் காங்கேசன்துறை. அதை ஆழப்படுத்தினால் கிளிநொச்சிக்கும் பயன். புதிதாக இன்னொன்று கட்டினால், இருக்கும் சிறிதளவு சரக்கும் இரண்டாகப் பிரியும்.

2. திருகோணமலை: இயற்கையான ஆழ்துறை, கோதுமையும் சீமெந்தும் அங்கே கப்பலில் வந்து இறங்குகின்றன. முல்லைத்தீவிலிருந்து அங்கு செல்லும் கரையோரப் பாதை கொக்கிளாய்க் களப்பு முகத்தில் தடைப்படுகிறது. அங்கே ஒரு பாலம் அமைந்தால், முல்லைத்தீவுக்குத் துறைமுகம் கிடைத்ததற்கு நிகரான பயன் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் என்று நான் கருதுகிறேன்.

3. புகையிரதம்: மதவாச்சி–தலைமன்னார் பாதையும் வடக்குப் பாதையும் மீள அமைக்கப்பட்டுப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. அவற்றில் பயணிகள் போகிறார்கள். சரக்கு போவது மிகக் குறைவு. ஒரு தொன்னுக்கான எரிபொருளில் கப்பலுக்கு அடுத்தபடி சிக்கனமானது புகையிரதம். வவுனியாவில் கொள்கலன் இறக்கி ஏற்றும் முற்றம் ஒன்று இருந்தால் ஏ9இல் ஓடும் லொறிகளில் ஒரு பகுதி குறையும்.

4. ஏற்றுமதி: மன்னார் நண்டு, பூநகரிக் கடலட்டை போன்றவை நிறை குறைந்து விலை கூடிய பொருள்கள். ஒரு குளிரூட்டிய கொள்கலனில் அடங்கும் நண்டின் பெறுமதியோடு ஒப்பிட்டால் கடல் கட்டணம் சிறிய பங்கே. இங்கே இழப்பு நேர்வது படகு கரைசேர்ந்தது முதல் பொருள் குளிருக்குள் போகும் வரையிலான சில மணித்தியாலத்தில். பேசாலையிலும் நாச்சிக்குடாவிலும் இறங்குதுறையை ஒட்டிப் போதிய பனிக்கட்டியும் தடையற்ற மின்சாரமும் கிடைத்தால், கொழும்பில் கப்பலேறும் முன்னரே அந்தப் பெட்டியின் விலை கூடிவிடும்.